கல்லு என்று சொன்ன நோய்

"ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரர் வரேக்க நீர் வெளிச்சத்தில நிக்காதேயும். அறைக்குள்ளையே இரும், நான் சமாளிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே நடராசா, அரைத்த கீழ்காய்நெல்லிச் சாற்றை மனைவிக்கு முன்னால் வைத்தார்.

இராசேஸ்வரி கிளாசைத் தொடவில்லை. குசினிச் சுவரில் சாய்ந்தபடி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருசம் கூடக் குடும்பம் நடத்திய முகம். பொய் சொல்கிறவனுடைய முகமாக அது கொஞ்சமும் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"குடியும். கல்லுக்கு இது நல்லது. கண்ணில மஞ்சளும் இறங்கிடும்."

"கல்லுக்கோ?"

"ஓம். வேறை என்னத்துக்கு?"

இறுப்பிட்டியில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதோடு சரி. கலியாணத்துக்குப் பெண் இருக்கிற வீடென்றால் அதையும் சொல்லமாட்டார்கள். பெண்ணின் சாதகத்தோடு தாயின் உடம்பையும் சேர்த்துப் பார்க்கிற ஊர் அது. நடராசா–இராசேஸ்வரி தம்பதியின் ஒரே மகள் கோபிகாவுக்கு வேலணையில் மாப்பிள்ளை சரிவந்து, ஆவணியில் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

மாசியில் இராசேஸ்வரிக்குக் கண்ணும் தோலும் மஞ்சளாகி, உடம்பெல்லாம் கடித்துச் சொறிந்து, சாப்பாடு இறங்காமல் போனது. காமாலை என்று முதலில் கீழ்காய்நெல்லி குடித்தாள். பிறகு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் அவளுடைய பித்தக் குழாய்க்குள் சின்னக் குழாய் ஒன்றை வைத்தார்கள். மஞ்சள் இறங்கியது. "கல்லு அடைச்சிருந்தது, இப்ப சரி" என்றார் நடராசா. அவள் நம்பினாள். நயினாதீவுக்குப் போய் அம்மனுக்கு அர்ச்சனைகூடச் செய்துவிட்டு வந்தாள்.

ஆனியில் அந்தக் குழாய் அடைத்து மஞ்சள் திரும்பி வந்தது. புதுக் குழாய் வைத்து, ஸ்கானும் எடுத்து, முடிவு சொல்ல நேற்றுக் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நடராசா மருந்தெடுக்கப் போன நேரம் பார்த்து அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

"மாசியில நீங்கள் ஒப்பரேசனுக்கு ஓமெண்டிருந்தால் வேறை மாதிரி இருந்திருக்கும், அம்மா" என்றாள் அந்த டொக்டர்ப் பெண்.

"எந்த ஒப்பரேசன், பிள்ளை?"

டொக்டர் ஃபைலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொன்னாள். கல்லு எதுவும் இல்லை. இரைப்பைக்குப் பின்னால் இருக்கிற கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய். மாசியில் அது பரவாமல் இருந்தது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, பிறகு மருந்தும் ஏற்றியிருக்கலாம். பெரிய ஒப்பரேசன்தான், எல்லோருக்கும் முழுச்சுகம் வருமென்று சொல்ல முடியாது, ஆனாலும் ஒரு வழி இருந்தது. இப்போது ஈரலுக்குப் பரவிவிட்டதால் வெட்டிப் பயனில்லை. மருந்து ஏற்றினால் கொஞ்சக் காலம் கட்டுப்படுத்தலாம். வேண்டாமென்றால் நோவைத் தணித்துப் பராமரிக்கலாம்.

"உங்களுக்கு ஒப்பரேசன் விருப்பமில்லை எண்டு அவர்தான் சொன்னவர். நாங்கள் உங்களை நேரா கேட்டிருக்க வேணும். அது எங்கட பிழை. இனி முடிவு நீங்கள் எடுக்கிறதுதான்."

இதையெல்லாம் அடக்கி வைத்துக்கொண்டுதான் குசினியில் நின்றாள் இராசேஸ்வரி. இனி அடக்க முடியவில்லை.

"டொக்டர் எல்லாம் சொன்னவா" என்றாள்.

நடராசா மெல்லக் கதிரையில் இருந்தார். "ஆவணி வரைக்கும் பொறுப்பம் எண்டு நினைச்சன். ஒப்பரேசன் எண்டால் ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும். அந்த வருத்தம் இருக்கிற வீட்டில ஆர் பொம்பிளை எடுப்பினம்? நீரும் கேட்டால் மனமுடைஞ்சு போவீர்."

"கோபிகாவுக்குத் தெரியுமோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "அவளுக்குச் சொன்னனான்."

புருசன் செய்ததை அவளால் எப்படியோ விழுங்க முடிந்தது. இதை முடியவில்லை. பெற்ற பிள்ளையும் கூட நின்று தன்னை விற்றுவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு அவள் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிறன்று மாப்பிள்ளையின் தாய் சறோஜினிதேவி உறவினருடன் வந்தாள். இராசேஸ்வரி ஹோலுக்குள் வந்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்தாள்.

"இப்ப எப்பிடி அக்கா, சுகமோ?"

"கல்லுத்தான், இப்ப பரவாயில்லை" என்று நடராசா முந்திக்கொண்டார்.

"கல்லு இல்லை" என்றாள் இராசேஸ்வரி. "எனக்குப் புற்றுநோய். கணையத்தில. நீங்கள் அறிஞ்சால் கலியாணம் குழம்பிடும் எண்டு மறைச்சுப்போட்டினம். இனி நீங்கள் யோசிச்சுச் செய்யுங்கோ."

தேத்தண்ணித் தட்டோடு வந்த கோபிகா கதவடியில் நின்றுவிட்டாள்.

சறோஜினிதேவி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எங்களுக்குத் தெரியும் அக்கா. மாசியில உங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில கிடந்தது என்ரை மச்சாள். நீங்கள் நித்திரையாக் கிடக்கேக்க டொக்டர் நடராசா அண்ணையோட கதைச்சது அவவுக்குக் கேட்டிருக்கு. அதுக்காக நல்ல பிள்ளையை விடேலுமோ? கேட்டால் உங்களுக்கு வெக்கமா இருக்கும் எண்டுதான் பேசாமல் இருந்தனாங்கள்."

நடராசா பெருமூச்சு விட்டார். முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. "அப்ப கலியாணத்துக்குத் தடை ஒண்டும் இல்லைத்தானே?"

யாரும் கலைக்க நினைக்காத கலியாணத்தைக் காப்பாற்றத்தான் அவளைப் பலி கொடுத்திருந்தார்கள். புருசனுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், வேலணைக்கும் தெரியும். அவளுடைய வயிற்றுக்குள் இருந்தது தெரியாமல் கிடந்தவள் அவள் ஒருத்திதான்.

"எனக்கும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம், தங்கச்சி" என்றாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் நடராசா. "மருந்து ஏத்துறதோ விடுறதோ எண்டு நாளைக்கு நான் போய் டொக்டரோட கதைக்கிறன்."

"நீங்கள் கதைச்சது காணும், இனி வேண்டாம்" என்றாள் இராசேஸ்வரி. "நாளைக்கு நான் தனியப் போறன்."