பத்துப் பேர் ஆடிய ஆட்டம்

சங்கு ஊதுவதற்கு முன்பே இளம்பரிதியின் முதுகில் மூட்டை ஏறிவிட்டது. இருட்டு முழுதாக விலகவில்லை. மில் வாசலில் நெல் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மாசி மாதம், சம்பா அறுப்பு முடிந்த நேரம். வயலில் விளைந்ததெல்லாம் ஏதாவது ஒரு மில்லுக்குள் நுழைந்துவிட முண்டியடிக்கும் காலம் அது. லாரிக்கும் குடோனுக்கும் நடுவில் போட்டிருந்த பலகை ஒவ்வொரு காலடிக்கும் தாழ்ந்து எழுந்தது. நெல் அவிக்கிற அவியல் தொட்டியிலிருந்து கிளம்பிய ஆவி புளித்த வாடையோடு முகத்தில் அடித்தது. உமிச் சாம்பல் கண்ணில் விழுந்தால் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஒரு கை மூட்டையின் காதைப் பிடித்திருந்தது, மறு கை கொக்கியைப் பிடித்திருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் வெண்ணாற்றங்கரைத் திடலில் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். மில்லில் மூட்டை தூக்கும் பையன்களின் அணி முதல் முறையாக அதுவரை வந்திருந்தது. இளம்பரிதிதான் கேப்டன். எதிரே ஆடப்போவது தஞ்சாவூரிலிருந்து வரும் சீனியர் அணி. பல வருஷமாக அந்தக் கோப்பை அவர்கள் அலமாரியை விட்டு வெளியே வந்ததில்லை. இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் கொஞ்சம் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டாமா? ஆனால் முதலாளி செல்லதுரை தன் நியாயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். லாரி காலியான பிறகுதான் பந்து.

கோப்பையும் செல்லதுரையுடையதுதான். காலமான தகப்பனார் பேரில் வருஷாவருஷம் நடத்துகிறார். பையன்களுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்தவரும் அவரே. மஞ்சள் பனியன், முன்னால் கொட்டை எழுத்தில் மில்லின் பெயர், பின்னால் நம்பர். கூலியை உயர்த்தச் சொல்லிப் போனால் காது கேட்காத மனிதர், பனியன் விஷயத்தில் மட்டும் கர்ணனாகிவிட்டார். பையன்களும் ஆசை ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வீட்டில் அதைவிட நல்ல சட்டை இல்லாததால் மூட்டை தூக்கவும் அதையே போட்டுக்கொண்டு வந்தார்கள். அதுதான் வினையாயிற்று.

போன வாரம் இதே குடோனில் அடுக்கியிருந்த மூட்டை அட்டி சரிந்தது. மூட்டைகளை ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றி அடுக்கினால்தான் அட்டி நிற்கும். இது மூட்டை தூக்குகிற எவனுக்கும் தெரியும். அப்படி அடுக்க நேரம் பிடிக்கும். "எல்லாத்தையும் ஒரே வாக்குல ஏத்துங்கடா, லாரிக்காரன் கத்துறான்" என்று மேனேஜர் விரட்டினார். ஏற்றினார்கள். கூரைத் தகரத்தைத் தொடும் உயரத்துக்கு ஏறிய அட்டி, சொல்லாமல் கொள்ளாமல் செழியன் மேல் வந்து விழுந்தது. மற்றவர்கள் மூட்டைகளைப் புரட்டித் தள்ளி அவனை வெளியே இழுத்தபோது வலது கால், கால் மாதிரியே இல்லை.

செழியன் அணியின் வலது ஓரத்தில் ஆடுகிறவன். ஏழாம் நம்பர். இளம்பரிதிக்கு மாமன் மகன். பந்தை எங்கே போட்டாலும் அங்கே வந்து நிற்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு இவன் போடுவான், அவனும் வந்து நிற்பான்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் பறந்தபோது மேனேஜரும் கூட வந்தார். வழியெல்லாம் இளம்பரிதியின் காதோடு பேசிக்கொண்டே வந்தார். "மில்லுல அடிபட்டுச்சுன்னு சொன்னா போலீஸ் கேசாயிடும் தம்பி. எழுதி முடிச்சுட்டுதான் ஊசியே போடுவாங்க. பந்து விளையாடும்போது விழுந்துட்டான்னு சொல்லு. உடனே உள்ள எடுத்துக்குவாங்க. செலவெல்லாம் முதலாளி பாத்துக்குவாரு." செழியன் மடியில் கிடந்து முனகிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் யாருக்கு யோசிக்கத் தோன்றும்? டாக்டர் கேட்டபோது இளம்பரிதி அப்படியே சொன்னான். டாக்டர் ஏழாம் நம்பர் பனியனை ஒருமுறை பார்த்தார், மறு கேள்வி கேட்கவில்லை.

காலை எடுத்துவிட்டார்கள், முழங்காலுக்குக் கீழே.

வெயில் ஏறிய நேரத்தில் செழியனின் அம்மா செவ்வந்தி மில்லுக்கு வந்தாள். அவளும் இந்த மில்காரிதான். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் துழாவிக் காயவைக்கிற வேலை. ஒரு வாரமாக ஆஸ்பத்திரித் தரையில் கிடந்ததில் ஆளே பாதியாகியிருந்தாள். செல்லதுரை அப்போதுதான் காரை விட்டு இறங்கி, லாரிகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

"முதலாளி, புள்ளைக்குக் காலை எடுத்துட்டாங்க. செலவெல்லாம் நீங்க பாத்துக்குவீங்கன்னு மேனேஜர் ஐயா சொன்னாங்களாம். இதுவரைக்கும் யாரும் எட்டிப் பாக்கலிங்க."

"பந்து விளையாடப் போயி காலை ஒடிச்சுக்கிட்டா, அதுக்கு மில்லு எப்படிம்மா பொறுப்பாகும்?"

"அட்டி சரிஞ்சுதானுங்களே..."

"அட்டியா? ஏய் இளம்பரிதி, இங்க வா. ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட என்னன்னு சொன்ன?"

இளம்பரிதி மூட்டையோடு நடந்துகொண்டிருந்தான். இறக்காமலேயே நின்றான்.

"மேனேஜர் சொல்லச் சொன்னாருங்க."

"சொன்னது மேனேஜர் வாயா, உன் வாயா?"

"என் வாய்தாங்க."

"அப்ப முடிஞ்சுது. இப்ப மாத்திச் சொன்னா முதல்ல உள்ள போறவன் நீதான், தெரிஞ்சுக்க." செவ்வந்தி பக்கம் திரும்பியபோது அவர் குரல் வெண்ணெயாய் உருகியது. "நான் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லம்மா. சாயங்காலம் திடலுக்கு வா. மைக்ல சொல்லித் துண்டு ஏந்தச் சொல்றேன். ஆட்டத்துல காலை இழந்த வீரனுக்கு நிதி. உனக்கு மேடையிலயே நாற்காலி போடச் சொல்றேன்."

கொன்றவனே பந்தலும் போடுகிறேன் என்றால் வேறு என்னவென்று சொல்வது?

செவ்வந்தி இளம்பரிதியைப் பார்த்தாள். அவளுக்கு இது இதுவரை தெரியாது. "நீயாப்பா அப்படிச் சொன்ன?" என்றாள். திட்டியிருக்கலாம், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். முதுகில் இருந்த மூட்டை அன்று கனத்ததுபோல் என்றுமே கனத்ததில்லை.

டீ நேரத்தில் பையன்கள் உமி மேட்டுக்குப் பின்னால் கூடினார்கள். லோடுமேன்களின் மேஸ்திரி முருகையனும் வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஆடவே வேண்டாம்டா" என்றான் கோல்கீப்பர் அன்சாரி.

"ஆடலன்னா பயந்து ஓடிட்டானுங்கன்னு முதலாளி மைக்ல சொல்லுவாரு" என்றான் இளம்பரிதி. "ஆடுனா, அவரு சொல்ற பொய்க்கு நாம தலையாட்டுன மாதிரி ஆயிடும்."

"ரெண்டு பக்கமும் அவருக்கேதான் கோல்" என்றார் முருகையன். "ஒரே வாக்குல அடுக்கச் சொன்னப்பவே முடியாதுன்னு நான் நின்னுருக்கணும். மேஸ்திரின்னு பேரு மட்டும் பெருசா வச்சுக்கிட்டேன். பயந்துட்டேன்பா."

"செழியன் இடத்துக்கு யாரு?" என்று ஒருவன் கேட்டான். மாற்று ஆட்டக்காரனை மேனேஜர் அவியல் தொட்டிப் பக்கம் போட்டுவிட்டார், விடமாட்டேன் என்கிறார்.

"யாரும் வேண்டாம்" என்றான் இளம்பரிதி. "பத்துப் பேர் போதும். அந்த இடம் காலியாவே இருக்கட்டும்."

கடைசி லாரியைக் காலி செய்துவிட்டு ஆற்றில் முங்கி எழுந்து ஓடினார்கள். திடலில் கூட்டம் நெரிந்தது. சீனியர் அணி வேனில் வந்து நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. தொந்தி விழுந்தவர்கள், காதோரம் நரைத்தவர்கள். "இவங்களையாடா அடிக்க முடியாது?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

ஆட்டம் தொடங்கியதும் பதில் கிடைத்தது. அவர்கள் ஓடவே இல்லை. பையன்களை ஓடவிட்டார்கள். பந்தை இங்கே தட்டி அங்கே தட்டி, நாயைச் சுற்றவிடுகிறமாதிரி சுற்றவிட்டார்கள். நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் முழங்கை விலாவில் இறங்கியது. பந்து வருவதற்குள் பாதத்தின் மேல் ஒரு பாதம் ஏறி நின்றது. "மெதுவாத் தம்பி, மூச்சை மிச்சம் வைங்க" என்று அவர்களுடைய கேப்டன், நரைத்த மீசைக்காரர், சிரித்துக்கொண்டே சொன்னார். விடியலிலிருந்து மூட்டை சுமந்த கால்கள் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தன.

பந்து காலுக்கு வந்த ஒரு நேரத்தில் இளம்பரிதி தலையைத் தூக்காமலேயே வலது ஓரத்துக்கு நீட்டிப் போட்டான். அங்கே யாரும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டி வரப்பில் போய் விழுந்தது. கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே மாதிரி போட்டான். பழக்கம், கால் தானாகப் போட்டுவிடுகிறது. மறுபடியும் சிரித்தார்கள். அடுத்த முறை பந்து அந்தக் காலி இடத்தில் உருண்டு வெளியே போனபோது யாரும் சிரிக்கவில்லை. அது யாருடைய இடம் என்று கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது.

இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கியிருந்தார்கள்.

விசில் அடித்ததும் மைக் உயிர்பெற்றது. "அன்பார்ந்த பொதுமக்களே! கால்பந்து விளையாடும்போது எதிர்பாராத விதமாகத் தன் காலை இழந்த இளம் வீரன் செழியனின் குடும்பத்துக்கு, நமது முதலாளி அவர்கள் கருணை உள்ளத்தோடு..." இரண்டு பேர் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினார்கள். மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். செல்லதுரை கையில் ஒரு பொன்னாடையோடு எழுந்தார். அவள் தலை நிமிரவில்லை.

இளம்பரிதிக்குக் காலையில் கேட்ட கேள்வி மறுபடியும் காதில் விழுந்தது. நீயாப்பா அப்படிச் சொன்ன? அவன் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தான். அறிவிப்பாளர், கேப்டன் நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்துக்கொண்டு வழிவிட்டார்.

"செழியன் கால் விளையாட்டுல போகல. மில்லுல அட்டி சரிஞ்சு போச்சு. பந்துன்னு ஆஸ்பத்திரில சொன்னவன் நான்தான். பொய் சொன்னேன். சொல்லச் சொன்னது..."

மைக் செத்தது. யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

"இறங்குடா கீழ!" செல்லதுரையின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

இளம்பரிதி இறங்கவில்லை. கீழேயிருந்து அன்சாரி கத்தினான். "நானும் அங்கதான் இருந்தேன். அட்டிதான் சரிஞ்சுது!" அவனுக்குப் பின்னால் அடுத்தவன். "மூட்டையைப் புரட்டினது நான்!" மஞ்சள் பனியன்கள் ஒவ்வொன்றாக மேடைக்கு முன்னால் வந்து நின்றன. தொண்டை கிழியக் கத்தியதில் யார் என்ன சொன்னார்கள் என்று தனியாகக் கேட்கவில்லை. துண்டை ஏந்தியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். கூட்டத்திலிருந்து முருகையன் வெளியே வந்தார். அவர் பின்னால் லோடுமேன்கள், களத்தில் நெல் துழாவும் பெண்கள்.

"ஒரே வாக்குல அடுக்கச் சொன்னது மேனேஜருங்க. அடுக்கினது நாங்க. எங்க வேணாலும் வந்து சொல்றோம்" என்றார் முருகையன். பயம் விடவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஒருத்தனும் மில் கேட்டைத் தாண்டக்கூடாது!" என்று கத்தினார் செல்லதுரை.

"தாண்ட மாட்டோங்க. செழியனுக்கு ஒரு வழி சொல்ற வரைக்கும் வெளியதான் நிப்போம்."

செவ்வந்தி நாற்காலியை விட்டு எழுந்தாள். பொன்னாடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியில் இறங்கி வந்து பெண்களோடு நின்றாள்.

ஆட்டம் உண்டா இல்லையா என்று நடுவர் கேட்டார். உண்டு என்றான் இளம்பரிதி. பாதியில் விட்டுப் போனால் அதற்கும் ஒரு கதை கட்டிவிடுவார்கள். பனியனைக் கழற்றி, மில் பெயர் உள்ளே போகும்படி திருப்பிப் போட்டுக்கொண்டான். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். சீனியர் அணி கொஞ்சமும் தயவு காட்டவில்லை. மேலும் இரண்டு கோல் போட்டது. சினிமாவில் என்றால் பையன்கள் ஜெயித்திருப்பார்கள். இங்கே தோற்றார்கள். தோற்றதும் நெஞ்சு எரிந்தது, அதை மறைப்பானேன்?

வேனில் ஏறும்போது நரைத்த மீசைக்காரர் இளம்பரிதியின் கையைப் பிடித்தார். "எங்ககிட்ட தோத்தது பெருசில்ல தம்பி. நாளைக்கு உங்க எதிர்ல நிக்கறவரு எங்களைவிடப் பழம் தின்னு கொட்டை போட்டவரு. பாத்து ஆடுங்க." அவ்வளவுதான். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் விடியலில் சங்கு ஊதியது. லாரிகள் இன்னும் நீளமாக வரிசை கட்டி நின்றன. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் லோடுமேன்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். லோடுமேன்கள் மடியில் கொக்கி சும்மா கிடந்தது. செல்லதுரை வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரப் போயிருக்கிறார் என்று வாட்ச்மேன் ரகசியமாகச் சொன்னார். இளம்பரிதியைத் தேடி போலீஸ் வரும் என்றும் பேச்சு அடிபட்டது. "வரட்டும்" என்றாள் செவ்வந்தி. "ஜீப்புல எத்தனை பேரை ஏத்துவாங்கன்னு பாப்போம்." டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்ல அவன் தனியாகப் போகவேண்டியதில்லை, எல்லோரும் சேர்ந்து முதல் பஸ்ஸில் போவது என்று முடிவாகியிருந்தது.

இளம்பரிதியின் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து செழியன்.

"மாப்ள, என்ன ஸ்கோரு?"

"நாலு, சைபர்."

"அடப்பாவி. என் எடத்துல யாரு ஆடுனா?"

"யாரும் ஆடல."

செழியன் பேச்சை மில் பக்கம் திருப்பினான்.

"இன்னிக்கு லோடு எவ்வளவு எறங்குச்சு?"

இளம்பரிதி நீண்டு கிடந்த லாரி வரிசையைப் பார்த்தான். மரத்தடியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான்.

"ஒரு மூட்டைகூட எறங்கல மாப்ள."