ஆளில்லாத ஊர்

படத்தில் முதல் பேய் வந்தபோது தியேட்டரே சிரித்தது. ஏதோ ஒரு வெளிநாட்டில் கைவிடப்பட்ட நகரம். சுற்றுலா வந்த சிலர் வண்டி பழுதாகி அங்கே மாட்டிக்கொண்டிருந்தார்கள். இடிந்த மாடியின் சன்னலில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. "துணி நல்ல காட்டன்டா, சாயம் போட்டா நாலு பனியன் தேறும்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் சத்தம் போட, ஆஷாவும் சிரித்துவிட்டாள். தன்னைப் பெண் பார்க்க வந்தவன் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்திருப்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இருக்கட்டும், தன் சிரிப்புச் சத்தத்தையும் அவன் இப்போதே கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

நடுவில் இருந்தது ரங்காத்தாள், திருப்பூர் மண்ணரையில் ஆஷா குடியிருக்கும் லைன் வீட்டின் சொந்தக்காரி. ஆஷாவின் பெற்றோரும், அவளைப் பார்க்க வந்த சகாயராஜின் பெற்றோரும் ஊரில், சாத்தான்குளம் பக்கத்தில். இவர்கள் இருவருக்கும் லீவு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இப்படித் தியேட்டரில் பெண் பார்ப்பது மண்ணரையில் வழக்கமாகிவிட்டது. துணைக்கு ஒரு பெரிய மனுஷி வரவேண்டும், நடுவில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். போஸ்டரில் ஆணும் பெண்ணும் பெட்டி படுக்கையோடு நிற்பதைப் பார்த்து, குடும்பத்தோடு டூர் போகிற படம் என்று நம்பி டிக்கெட் எடுக்கச் சொன்னவளும் ரங்காத்தாள்தான்.

"ஏங்கண்ணு, இவங்கெல்லாம் எப்பத்தான் ஊட்டுக்குப் போவாங்க?"

"போக மாட்டாங்கங்கம்மா. ஒவ்வொருத்தரா சாவாங்க."

"அட கெரகமே! நான் செத்த நேரம் கண்ண மூடறேன். நல்லதா ஏதாச்சும் வந்தா எழுப்பு சாமி."

சொன்னபடியே தூங்கிப்போனாள்.

ஆஷா மறுப்பைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். சகாயராஜ் கட்டிங் மாஸ்டர், நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு ஊரோடு வந்துவிட வேண்டும், அவன் கட்டிய வீட்டில் இருக்கவேண்டும், பெண் வேலைக்குப் போகவேண்டிய அவசியமே இருக்காது என்று அவன் அப்பா போனில் சொல்லியிருந்தார். கடைசி வார்த்தையை ஒரு சீர்வரிசையைப் போலச் சொன்னார். அவளுக்கு அந்த ஊர்த் தெருக்களைத் தெரியும். திருப்பூர்ச் சம்பளத்தில் எழும்பிய வீடுகள் வரிசையாக நிற்கும். டைல்ஸ் ஒட்டிய முகப்பு, ரோஸ் பெயின்ட், ஒவ்வொரு கதவிலும் பெரிய பூட்டு. மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டும் விளக்கெரியும். மற்ற நாளில் நடந்தால் தன் செருப்புச் சத்தமே பின்னால் யாரோ வருவதுபோல் கேட்கும். பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைத் திறந்து வைத்திருக்கத்தான் தன்னைக் கேட்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. இங்கே அவள் தையல் லைன் சூப்பர்வைசர். காலையில் எல்லா மிஷினும் ஓடத் தொடங்கும்போது தரையின் அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏறும். அவளுக்குப் பொழுது விடிவது அப்போதுதான்.

திரையில் எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். இத்தனை பெரிய ஊரில் ஒருவருக்காவது தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறதென்று தேடத் தோன்றவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"படம் மோசம். மன்னிச்சுக்கோங்க" என்றான் சகாயராஜ், தூங்குகிறவளுக்கு இப்பால் தலையை நீட்டி.

"நீங்களா எடுத்தீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

இருட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று அவள் முடிவு செய்தாள்.

"ஒண்ணு சொல்லிருதேன். ஊருக்கு வந்து இருக்கச் சொன்னா நான் வரமாட்டேன். வேலையையும் விடமாட்டேன். ஒத்துவராதுன்னா இப்பமே சொல்லிருங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

ரங்காத்தாளோடும் கம்பெனியிலும் பேசிப் பேசி மறந்துபோயிருந்த ஊர்ப்பேச்சு எப்படித் தன் நாக்கில் வந்தது என்று அவளே வியந்தாள்.

திரையில் ஆளில்லாத வீடொன்றில் கதவு தானாகத் திறந்தது. தியேட்டர் விசிலடித்தது. சகாயராஜ் மட்டும் உடம்பு தூக்கிப்போட, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான்.

"இதுக்கா பயந்தீங்க?" என்றாள் கேலியாக.

சிரித்து மழுப்பியிருக்கலாம். "ஆமா" என்றான். "ஊர்ல வீடு இப்படித்தான் இருக்கு. அப்பா அம்மா பழைய வீட்லதான் இருக்காவ. போன திருவிழாவுக்குப் பெயின்ட் அடிக்க முன்னாடியே போனேன். பட்டப்பகல்ல உள்ள இருக்க முடியல. வெயில்ல வாசல்ல வந்து உக்காந்துட்டேன். நான் கட்டின வீடு."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"பயந்தேன்னா?"

"அங்க போக இஷ்டமில்லன்னு."

"அப்பா ஊரெல்லாம் கூட்டிட்டு வந்து அந்த வீட்டைக் காட்டுதாவ. எப்படிச் சொல்ல?"

"எனக்குப் பதில் அப்புறம் சொல்லலாம். முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க."

ரங்காத்தாள் அசைந்தாள். "எல்லாரும் செத்துட்டாங்களா?"

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கங்கம்மா."

"சீக்கிரம் ஆகட்டும்" என்று மறுபடி கண்ணை மூடினாள்.

ஒரு தியேட்டரே சிரிக்கும்போது பயமாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளும் ஆண்பிள்ளையை ஆஷா பார்த்ததில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் இருட்டில் ஒரு பெண்ணிடம் சொல்வது எளிது. அவன் அப்பாவிடம் சொன்னால் தன் பதில் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்பது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. அவனுக்காகத் தான் போய்ப் பேசப் போவதில்லை என்பதும் தெரிந்தது. கடைசியில் அந்த இரண்டு பேரையும் மீட்க யாராவது வந்தார்களா இல்லையா என்பதை அவள் கவனிக்கவில்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. "காசு குடுத்துத் தூங்கறதுக்கு ஊட்லயே தூங்கியிருக்கலாம்" என்று ரங்காத்தாள் முணுமுணுத்தாள். சகாயராஜின் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஒருமுறை அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஒதுங்கிப் போகாமல் படிக்கட்டிலேயே நின்று எடுத்தான்.

"என்னல, புள்ள என்ன சொல்லுதா?" அப்பாவின் குரல் ஆஷாவுக்கே கேட்டது.

"அது இருக்கட்டும்ப்பா. வீட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

அடுத்த காட்சிக்கான கதவு திறந்தது. கூட்டம் மளமளவென்று படியேறியது. ரங்காத்தாள் ஆஷாவின் கையைப் பிடித்து, "போலாம் அம்மிணி" என்றாள்.

"கொஞ்சம் இருங்கம்மா."

ஏறுகிறவர்கள் அவனை இடித்துக்கொண்டும் விலகிக்கொண்டும் போனார்கள். அவன் நகரவில்லை. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க எதையோ சத்தமாகச் சொன்னான். இங்கே கேட்கவில்லை. தேய்த்துப் போட்ட சட்டையின் முதுகில் வியர்வை ஒரு கை அகலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லி முடித்து, வாயை மூடி, போனைக் காதோடு அழுத்தியபடி அவன் காத்து நின்றான்.