கை இறங்க வேண்டிய இடம்

...இங்கே பிடிக்கச் சொல்லி யார் சொன்னது என்று கேட்கிறாள் பிசியோதெரபிஸ்ட், எட்டு மாதம் கழித்து, சிரித்த முகத்தோடு. யார் சொல்வார்கள், நீதானே சொன்னாய், என் மனைவியிடம் சொன்னாய், அவள் போனில் வீடியோவே இருக்கிறது. பெஞ்சில், தானாக உட்கார முடியாத என் மகள், அவள் விலாவில் உன் இரண்டு கை, அக்குளுக்குச் சற்றுக் கீழே, இங்க பிடிங்க, இறுக்காதீங்க என்று உன் குரல்... அதைப் பார்த்துத்தான் தினமும் ஆபீசுக்குக் கிளம்புமுன் இருபது நிமிடம் பிடித்தேன். மனைவியைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன மறுநாள்கூடப் பிடித்தேன். பிசியோதெரபிஸ்ட் வீடியோவை எட்டிப் பார்த்துவிட்டு, இது ரொம்பப் பழசு சார் என்கிறாள். பிடிக்கு மேலே உள்ள உடம்புதான் வேலை செய்யுமாம், கீழே உள்ளது சும்மா இருக்குமாம், அதனால் பிள்ளை தேறத் தேறக் கையைக் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டுமாம். என் மனைவி கடைசியாக வந்தபோதே இடுப்புக்கு இறக்கியாகிவிட்டதாம். அப்படியானால் எட்டு மாதமாக என் மகளின் வயிறும் முதுகும் என் கையை நம்பிச் சும்மா இருந்திருக்கின்றன. பள்ளி திறக்க ஆறு வாரம். பிடிக்காமல் உட்கார்ந்தால்தான் சேர்ப்போம் என்று அந்தத் தலைமையாசிரியை சொல்லியாயிற்று.

"பாப்பாவோட அம்மா நல்லா செஞ்சாங்களே... உங்ககிட்ட சொல்லலையா?"

எப்போது சொல்வாள்? நான்கு நாள் காய்ச்சலிலா, வாயில் குழாயோடா? அதற்கு முன்பு சொல்லியிருப்பாள், சமையலறையிலிருந்து சொல்லியிருப்பாள், நான் லேப்டாப்பைப் பார்த்தபடி ம் போட்டிருப்பேன். அவள் மீது வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, கேட்க ஆள் இல்லை, அதனால் இந்தப் பெண்ணை முறைக்கிறேன், சுவரில் சிரிக்கும் கரடிப் படத்தை முறைக்கிறேன். அந்தப் பெண் அதைக் கண்டுகொள்ளவில்லை. மகளைப் பெஞ்சில் உட்காரவைத்து, பாதத்தைத் தரையில் பதியவைத்து, இடுப்பைப் பிடித்தாள். மேல் உடம்பு இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, என் கை தானாக நீண்டது, நீங்க தொடாதீங்க சார் என்றாள். மகாராணி கவுந்துராதீங்க என்று பிள்ளையிடம் சொன்னாள். மகாராணியை நீ ஒழுங்கா பிடி என்றாள் ஆறு வயதுக்காரி. நிமிர்ந்தாள். ஒன்று, இரண்டு, ஏழு வரை எண்ணினேன். பிறகு தன் இடுப்பைத் தானே தட்டிக் காட்டினாள்.

"அம்மா இங்கதான் பிடிப்பா."



"தெரியுமா உனக்கு? அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"நீ கோவமா இருந்தே."

வெளியே மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். உன் மேல் இல்லடா கண்ணு என்று வாய்வரை வந்தது, ஆனால் அதையும் இதே குரலில்தானே சொல்வேன். எப்படித் தெரிந்தது இவளுக்கு? கத்தியதில்லை, அடித்ததில்லை, அந்த இருபது நிமிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன், என் முகத்தை அவள் பார்க்கவே முடியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் விலாவில் இருந்த இரண்டு கை...

வாங்க சார், இப்ப நீங்க பிடிங்க என்று எழுந்து இடம் விடுகிறாள். எந்த இடத்தில் பிடிப்பது என்று தெரிந்துவிட்டது. மகளின் முதுகுக்குப் பின்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறேன், கையை இன்னும் வைக்கவில்லை.