ராஜமாணிக்கத்தின் நாலு மணி

பாஸ்டர் வேதாகமத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாராள் அதைக் கவனிக்காதவள்போல் தெருமுனையைப் பார்த்தாள். தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தது. பந்தலுக்குக் கீழே வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. நடுவில் ஸ்டூல்களின்மேல் பெட்டி. பெட்டிக்குள் ராஜமாணிக்கம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், எல்லோரையும் வரச்சொல்லிவிட்டுத் தூங்கிப்போன ஆள் மாதிரி படுத்திருந்தார்.

"எடுக்கலாமா சிஸ்டர்? நாலு மணி ஆயிடுச்சு. மீஞ்சூர்ல ஒரு நிச்சயதார்த்தம். நான் போய்த்தான் ஜெபம் பண்ணணும்."

"ஆள் வரணும் பாஸ்டர். பெட்டியத் தூக்கக்கூட ஆள் இல்ல, பாருங்க."

உண்மைதான். காலையில் இந்தத் தெருவில் நிற்க இடமில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டை விட்டுவிட்டு வந்தவர்கள், ஷிப்டு முடிந்து தூங்காமல் வந்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள், எல்லாரும் வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். முக்கால்வாசி டூர் கோஷ்டி. ராஜமாணிக்கம் ஒருவர்தான் அந்தக் கோஷ்டிக்குத் தலைவர், பொருளாளர், கூஜா தூக்கி எல்லாம். தடா அருவி, நாகலாபுரம், பூண்டி ஏரி, பழவேற்காட்டுப் படகு என்று ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்கு வீடு தங்காது. அந்தக் கோஷ்டியில் இப்போது ஒருத்தனையும் காணோம். உட்கார்ந்திருந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர், டூர் வேன் டிரைவர் தேசப்பன், சாராளின் தங்கை ஹெலன், அவ்வளவுதான்.

சாராளுக்குச் சுருக்கென்றது. மகனைக் கூப்பிட்டாள்.

"ஸ்டீவா, அடக்கம் எத்தினி மணின்னு இன்னாடா போட்ட?"

"நாலு மணிக்குக் கெளம்புறோம், எல்லாரும் வந்துடுங்கன்னு போட்டேம்மா."

"எதுல?"

"டூர் குரூப்புலதான். அதுலதான எல்லாரும் கீறாங்க."

"யாரு போன்லேர்ந்து?"

ஸ்டீவன் கையிலிருந்த இரண்டு போன்களையும் பார்த்தான். "நான் அந்த குரூப்புல இல்லம்மா. அப்பா போன்லேர்ந்துதான் போட்டேன்."

சாராள் தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அழப்போகிறாள் என்று நினைத்து ஹெலன் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். அழுகையா அது! நேற்று ராத்திரியிலிருந்து அவளுக்கு வந்துகொண்டிருந்ததெல்லாம் எரிச்சல் ஒன்றுதான்.

"ஆறு மணிக்குத்தாண்டி வருவானுங்க," என்றாள்.

ராஜமாணிக்கத்தின் நாலு மணி என்றால் ஆறு மணி. கும்மிடிப்பூண்டியில் அவரோடு ஒரு தடவை வேனில் ஏறினவனுக்கெல்லாம் இது தெரியும். ஆரம்பத்தில் ஏழு மணிக்குக் கிளம்புவதற்கு ஏழு என்றுதான் சொன்னார். ஒருத்தனும் நேரத்துக்கு வரவில்லை. அப்புறம் ஆறு என்று சொல்லிப்பார்த்தார். அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்து என்றார். அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்படி அவர் முன்னால் தள்ளத் தள்ள, அவர்கள் பின்னால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் இரண்டு மணி நேரம் என்று ஒரு கணக்கில் வந்து நின்றது. அவர் சொல்லுகிற நேரத்துக்கு வந்து வேனில் உட்கார்ந்த ஒரே முட்டாள் சாராள்தான். விடியுமுன்னே எழுந்து பிரியாணி ஆக்கி, அண்டாவை ஏற்றி, அது ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு இன்ஜின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு தரம், கோஷ்டியில் ஒருத்தனான ஜெபா வீட்டில் தூங்கிவிட்டான் என்று வேனை நிறுத்திவைத்தார். தடாவுக்குப் போய்ச் சேருவதற்குள் அருவிக்குப் போகும் வழியை மூடிவிட்டார்கள். அருவிச் சத்தம்கூடக் கேட்காத ரோட்டோரத்தில் பாயை விரித்துப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். 'ஒருத்தன விட்டுட்டுப் போனா அதுக்குப் பேரு ட்ரிப்பா?' என்று கேட்டுச் சிரித்தார் அந்த மனிதர்.

இப்போது எழுந்து பெட்டியின் அருகே போனாள்.

"ஜெபாவுக்காக அத்தினி நேரம் நின்ன மனுசன்தான நீ," என்று சத்தமாகவே கேட்டாள். "மார் வலிக்குதுன்ன, ஆம்புலன்ஸ்க்குப் போன் போட்டேன். தெருமுனைல சத்தம் கேக்குது. அதுக்குள்ள இன்னா அவசரம் உனக்கு? எனக்காக ஒரு தபா நின்னியா?"

பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், வேணும்னா நான் இங்கயே ஜெபம் பண்ணிட்டுப் போயிடறேன். எல்லாரும் வந்தப்புறம் கல்லறைல நம்ம சபை உபதேசியார் அடக்கம் பண்ணட்டும். தப்பில்ல."

தப்பில்லையாம். போன மாதம் ரைஸ்மில்காரர் செத்தபோது பாஸ்டர் கடைசி மண் விழும்வரை நின்றார். சாராளுக்கு முகம் சிவந்தது. ஊர் முழுக்கக் கூட்டிக்கொண்டு சுற்றினவரை அடக்கம் பண்ணப் பாஸ்டர்கூட இல்லை என்று ஒருத்தி வாயில் வந்தால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

"வேணாம் பாஸ்டர். நீங்க முன்னாடி போங்க. பின்னாலயே வரோம்."

ஸ்டீவன் அதற்குள் ஜெபாவுக்குப் போன் போட்டிருந்தான். சாராள் அதைப் பிடுங்கினாள்.

"எங்கடா கீற?"

"அண்ணி, குளிச்சிக்கினு கீறேன். பசங்க மால கட்டச் சொல்லிட்டு பஜார்ல நிக்கறாங்க. அண்ணன் நாலுன்னா ஆறுதான..."

"அத உங்க அண்ணன் போடலடா. உங்க அண்ணன் பெட்டில படுத்துக்கினு கீறாரு."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை அவசரமாக மூடுகிற சத்தம் கேட்டது.

"கொஞ்சம் வெயிட் பண்ணுங்க அண்ணி. எல்லாரையும் இட்டுக்கினு வந்துடறேன்."

"பண்ண மாட்டேன். வெயிட் பண்ணி வெயிட் பண்ணியே என் ஆயுசு போச்சு. இன்னிக்காச்சும் டைமுக்குக் கெளம்பறேன்."

போனை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். பெட்டிக்கு ஆறு கைப்பிடி. ஸ்டீவனும் தேசப்பனும் முன்னால் பிடித்தார்கள். நடுவில் பெரியவர்கள் இரண்டு பேர். கால்மாட்டில் ஆள் இல்லை.

"ஹெலன், அந்தப் பக்கம் புடி."

"அக்கா, பொம்பளைங்க எப்டிக்கா..."

"ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பிரியாணி அண்டாவ நம்பதான தூக்கி ஏத்தனோம்? அப்ப எவன் வந்து பொம்பளன்னு தடுத்தான்? புடிடி."

பாஸ்டர் சாராளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பெட்டி ஆடி ஆடி, ஊர்தி டிரைவர் திறந்து பிடித்திருந்த கதவில் ஒரு முறை இடித்து, ஒருவழியாக அமரர் ஊர்திக்குள் ஏறியது. சாராளுக்கு மூச்சு வாங்கியது. கனமாகத்தான் இருந்தார். எத்தனை வருஷத்துப் பிரியாணி!

அவளும் ஹெலனும் ஸ்டீவனும் பெட்டிக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார்கள். தேசப்பன் பெரியவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். அத்தனை சீட் உள்ள வேனில் தேசப்பனுக்குப் பின்னால் இரண்டே தலைகள் தெரிந்தன. சாராள் சொன்னபடி செய்துவிட்டாள். நேரத்துக்குக் கிளம்பியாகிவிட்டது. அதில் அவள் நினைத்திருந்த திருப்தி மட்டும் வரவே இல்லை.

ஜி.என்.டி. ரோட்டுக்கு வந்ததும் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. கம்பெனி பஸ் என்று நினைத்தாள். பஸ் இல்லை, ஜெபா. தலை ஈரம் சொட்ட, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, பைக்கை விரட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பைக். அப்புறம் ஒரு லோடு ஆட்டோ. அதில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டு, பாதி கட்டின மாலையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கட்டாத பாதியிலிருந்து பூ ரோடெல்லாம் கொட்டியது.

"வந்துட்டானுங்க, சனியன் புடிச்சவனுங்க," என்றாள் சாராள். கண்ணிலிருந்து நீர் அதுபாட்டுக்கு இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

ஊர்தி டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டான். "ஓரமா நிறுத்தட்டாம்மா?"

"ஒண்ணும் வேணாம். நீ போ." பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "மெதுவாப் போப்பா," என்றாள்.

வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. பின்னால் லாரிக்காரன் ஒருவன் ஹாரனை அழுத்திப் பார்த்துவிட்டு, வண்டியில் இருந்த சிலுவையைக் கண்டதும் கையை எடுத்தான். பைக்குகள் ஒவ்வொன்றாக வந்து வண்டியின் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டன. ஜெபா ஜன்னல் கண்ணாடிக்கு நேராக வந்து ஒரு கையால் வண்டியைத் தொட்டுக்கொண்டே ஓட்டினான். அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

ஸ்டீவனின் போன் அடித்தது. "பாஸ்டரும்மா. எங்க கீறீங்கன்னு கேக்கறாரு."

"வந்துட்டோம், கல்லறை கேட்டாண்ட கீறோம்னு சொல்லு."

கல்லறைத் தோட்டத்துக்கு இன்னும் பாதி வழி இருந்தது. ஸ்டீவன் அம்மாவை ஒரு கணம் பார்த்தான். பிறகு அப்படியே சொன்னான்.

ரோட்டை விட்டுத் திரும்புகிற இடம் வந்தது. சாராள் பின்கண்ணாடியில் கையை வைத்து வந்திருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு முகம் இல்லை. ராஜமாணிக்கத்தோடு ஒரே மிஷினில் வேலை பார்த்த பாக்கியநாதன், முட்டி வலிக்காரர், ஓட்டை மொபெட் வைத்திருப்பவர். தூரத்தில், மேம்பாலத்து இறக்கத்தில், புகையை விட்டுக்கொண்டு சின்னதாக ஏதோ வந்துகொண்டிருந்தது.

"திரும்பலாமாம்மா?" என்றான் டிரைவர்.

"இருப்பா."

டிரைவர் இன்ஜினை நிறுத்தினான். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மொபெட் வந்து சேருகிறவரை சாராள் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.