இரண்டு கையும் மேலே

விடிந்தால் கூட்ஸ், பொழுது சாய்ந்தால் கூட்ஸ் என்று பதினோரு வருடமாக ரயில்வே கேட்டில் நிற்கிறவள், லீவு போட்டு மலைக்கு வந்த இடத்திலும் கூட்ஸைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தால் கட்டியவனுக்கு எரிச்சல் வருமா வராதா? குப்புராஜுக்கு வந்தது.

"ஏன் திலகா, இதுக்கா பாஸ் எய்தி வாங்கிக்கினு அரக்கு மலைக்கு வந்தோம்? கும்மிடிப்பூண்டில இல்லாத கூட்ஸா?"

"மலையில ஓடறது வேற. செத்த நேரம் சும்மா குந்து."

குந்தினான். வேறென்ன செய்வது? ரோலிங் மில்லில் உலைக்கு முன்னால் நின்று வேகிறவனுக்கு அந்தக் குளிர் புதிது. ஊரில் ஐப்பசி என்றால் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். இங்கே பனி விலக விலகச் சரிவு முழுக்க மஞ்சள் பூ. தண்டவாளத்தை ஒட்டிய மேட்டில் பத்திருபது சுற்றுலாக்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் ஒருத்தி மூங்கில் குழாயில் கோழியை அடைத்துத் தணலில் வாட்டிக்கொண்டிருந்தாள். குப்புராஜின் கண் அந்தக் கோழி மேலேயே இருந்தது.

திலகவதியின் கைப்பை மடியில் இருந்தது. அதற்குள் ஒரு விண்ணப்பம், நான்காக மடித்து. கேட் வேலை வேண்டாம், சென்னை ஆபீசில் ஃபைல் தூக்கும் வேலை கொடுங்கள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஊர் திரும்பியதும் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. குப்புராஜ் அதைப் படித்துவிட்டு, உன் இஷ்டம் என்று திருப்பிக் கொடுத்திருந்தான்.

காரணம் ஆவணியில் நடந்தது. கேட்டை மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று சாலையில் காத்திருப்பவர்கள் நினைப்பார்கள். நிஜ வேலை அப்புறம்தான். வண்டியைப் பார்த்து நேராக நின்று, ஒவ்வொரு வேகனின் அடிவயிற்றையும் கவனிக்க வேண்டும். ஏதாவது தொங்குகிறதா, சக்கரம் புகைகிறதா என்று பார்த்து, ஒன்றுமில்லை என்றால் கடைசிப் பெட்டியில் வரும் கார்டுக்குப் பச்சைக் கொடி. ஏதாவது இருந்தால் சிவப்பு. கையில் கொடி இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஒரு கையைத் தோளுக்கு நேராக நீட்டினால் எல்லாம் சரி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் ஆபத்து.

ஆவணியில் ஒரு சாயங்காலம் அத்திப்பட்டுக்குக் கரி ஏற்றிப் போன வண்டியின் நடுவில் லேசாக ஒரு புகை. கண் பார்த்துவிட்டது, மனசுதான் 'தூசு' என்றது. அதற்கு ஒரு மாசம் முன்னால்தான், தொங்கிய கோணிச்சாக்கைப் பார்த்து பயந்து ஒரு வண்டியை நிறுத்தி, 'சாக்கு திலகா' என்று பேர் வாங்கியிருந்தாள். இன்னொரு தடவை சிரிப்பாகச் சிரிக்க வேண்டுமா? பச்சையைக் காட்டிவிட்டாள்.

அடுத்த ஸ்டேஷனில் அந்த வேகனைப் பிடித்துவிட்டார்கள். சக்கரத்தின் அச்சு பழுக்கக் காய்ந்திருந்ததாம். கழற்றி ஓரம் தள்ளினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திலகவதிக்கு ஒரு மெமோ வந்தது, அவ்வளவுதான். மெமோவை அவள் தாங்கிக்கொண்டாள். தன் கண்ணைத் தானே நம்ப முடியாமல் போனதுதான் தாங்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் பச்சையைச் சந்தேகத்தோடுதான் காட்டினாள்.

மலைக்குப் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது.

மூன்று எஞ்சின்கள், அவற்றின் பின்னால் செம்மண் நிறத்தில் இரும்புத்தாது நிரம்பிய வேகன்கள், வளைவில் மெதுவாக இறங்கி வந்தன. சுற்றுலாக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். திலகவதி எழுந்தாள். கால்கள் தாமாக அகன்றன, உடம்பு தானாக வண்டிக்கு நேராகத் திரும்பியது. எஞ்சின்கள் கடந்தன. ஐந்தாவது வேகனில் அவள் பார்த்தாள். சக்கரத்திலிருந்து புகை, கூடவே கருகல் வாடை.

மனசு மறுபடி ஆரம்பித்தது: இது உன் கேட் இல்லை, உன் டூட்டி இல்லை, யாரும் உன்னைக் கேட்கப்போவதில்லை. தூசாக இருக்கும்.

தூசு. அதே சொல். அதைக் கேட்டதும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் பொங்கியது. கடைசிப் பெட்டி நெருங்கும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

பக்கத்தில் நின்றவர்கள் அவள் ஏதோ குஷியில் ஆடுகிறாள் என்று நினைத்து, அவர்களும் கைகளைத் தூக்கி 'ஓ'வென்று கத்தினார்கள். குப்புராஜுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. கோழியை மறந்து ஓடிவந்து, ஒரு வார்த்தை கேட்காமல், அவள் பக்கத்தில் நின்று அவனும் இரண்டு கையையும் தூக்கினான்.

கார்டு பார்த்துவிட்டார். வாக்கி டாக்கியில் டிரைவரைக் கூப்பிட்டார். கிரீச்சென்று நெடுநேரம் முனகி வண்டி நின்றது. ஐம்பது வயது மனிதர், இறங்கி வந்து தெலுங்கில் என்னம்மா என்றார். எல்லைப்பக்கத்துக்காரிக்குத் தெலுங்குக்கா பஞ்சம்? தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கேட் கீப்பர் என்றும், சக்கரம் புகைகிறது என்றும் மூச்சு வாங்கச் சொன்னாள்.

அவர் வண்டியோரமாக நடந்து போனார். குனிந்தார், முகர்ந்தார், இன்னும் தள்ளிப்போய்க் குனிந்தார். திரும்பி வரும்போது மீசைக்கடியில் சிரிப்பு இருந்தது. இது மலை இறக்கம் அம்மா, பிரேக்கைப் பிடித்தபடியேதான் இறங்க வேண்டும், அத்தனை சக்கரமும் புகையத்தான் செய்யும், புகைந்தால் ஆபத்து என்பதெல்லாம் உங்கள் ஊர்ச் சமவெளிக்கு என்றார்.

திலகவதிக்கு மானம் போயிற்று. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. கார்டு நோட்டை எடுத்து அவள் பேரையும் கேட் நம்பரையும் கேட்டார். இன்னொரு மெமோ என்று நினைத்துக்கொண்டே சொன்னாள்.

எழுதியதை அவர் படித்துக் காட்டினார். 'கேட் கீப்பர் கை காட்டி நிறுத்தினார். இறங்கிப் பார்த்தேன். எல்லாம் சரி.'

"தப்பா நிறுத்திட்டேன் நைனா," என்றாள்.

அவர் நோட்டைப் பைக்குள் வைத்தார். "எனக்குப் பத்து நிமிஷம் லேட்டு. அவ்வளவுதானேம்மா? வாலில் தனியா உக்காந்து வர்றவன் நான். முன்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. பாக்கறவங்க சொன்னாத்தான் உண்டு."

திரும்பி நடந்து பெட்டியில் ஏறினார். வண்டி நகர்ந்தது. அவர் வாசலில் நின்று பச்சைக் கொடியை நீட்டினார். திலகவதியிடம் கொடி இல்லை. வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டி, கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை அப்படியே நின்றாள். ஆவணிக்குப் பிறகு சந்தேகமில்லாமல் கை நீட்டியது அன்றுதான்.

குப்புராஜ் ஒருவழியாகக் கோழி வாங்கினான். மூங்கில் கொதித்தது. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றிக் குதித்தான்.

"ஃபர்னஸ்ல நிக்கிற ஆளுக்கு மூங்கி சுடுதா?" என்று சிரித்தாள் திலகவதி. பையைத் திறந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். "இந்தா, இத்த வெச்சிப் புடி."

பிடித்தான். பிறகுதான் அது என்ன காகிதம் என்று தெரிந்தது. அவள் கையெழுத்தின் மேல் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

"ஏ திலகா, இது..."

"ஆறிடப் போவுது, துன்னு. திங்கக்கெயம காலைல எனக்கு டூட்டி."