மூலைக்கு மூலை

சுவரில் ஒட்டுப் போடக் கூடாது. ரோலருக்கு இது வேதம். கறை விழுந்த இடத்தில் மட்டும் நாலு இழுப்பு இழுத்து மறைக்கிறவன் பெயிண்டர் இல்லை, பிராடு என்பான். காய்ந்ததும் அந்த ஒட்டு பல்லை இளிக்கும். அடித்தால் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, முழுச் சுவரையும் ஒரே மூச்சில் அடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினாலும் போச்சு, நிறுத்திய இடத்தில் கோடு விழும். இருபத்தாறு வருஷமாக அவன் இதை மீறியதில்லை. ரோலர் என்பதே கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பேர்.

அன்றைக்கு அவன் கையில் ரோலர் இல்லை. வெளுத்த சட்டை, வாரிய தலை. அந்தப் பகுதி ஓவியர்களின் கூட்டுக் கண்காட்சி, அதில் அவன் படமும் ஒன்று.

ஏழெட்டு பாஷைக்காரர்கள் அடுக்கு வீடுகளில் அடைந்து கிடக்கிற பகுதி அது. டாக்சி ஓட்டுகிறவர் எடுத்த புகைப்படங்கள், தையற்காரம்மா துண்டுத் துணியில் ஒட்டிய படங்கள், கல்லூரிப் பிள்ளைகளின் கம்பி பொம்மைகள் என்று பதினைந்து பேர் சரக்கு. ரோலர் பதினைந்தாவது ஆள். போன மாதம் அந்தக் கூடத்துக்கு வெள்ளை அடித்தவனும் அவன்தான். சாப்பாட்டு நேரத்தில் மிச்ச பெயிண்டை வைத்துப் பலகையில் வரைந்துகொண்டிருந்ததை, கண்காட்சி நடத்துகிற அம்மாள் பார்த்துவிட்டாள்.

பலகையில் இருந்தது அவன் பெண்டாட்டி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், அழுக்குத் துணி மூட்டையில் சாய்ந்து, வாய் பிளந்து தூங்குகிறாள்.

“ஏன்யா, உலகத்துல வேற மூஞ்சியே கிடைக்கலையா உனக்கு? அதுவும் வாயப் பொளந்துக்கிட்டு!” என்று ஏசினாள் அவள். ஏசிவிட்டு, சலவைக்கூடம் முழுக்கச் சொல்லியும்விட்டாள். இன்று அரைநாள் லீவு போட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். தம்பி வெல்டர். “மாமா பலகைல கோடு கிழிக்கிற நேரத்துக்கு இன்னொரு சைட்டுக்குப் போயிருந்தா வீடே கட்டியிருக்கலாம்” என்று பதினைந்து வருஷமாக ஒரே பாட்டைப் பாடுகிறவன். மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மேடையேறிச் சான்றிதழ் வாங்குவான், அதை அந்த மச்சான் கண்ணால் பார்க்க வேண்டும். பெண்டாட்டியும் பார்க்க வேண்டும். ரோலருக்கு வேறு ஆசை இல்லை.

விழா நாலு மணிக்கு. இரண்டுக்கே வந்துவிட்டான். வாசலுக்கு எதிர்ச்சுவரில், இன்னும் மூன்று பேர் படங்களோடு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நேரே நின்றும், கொஞ்சம் தள்ளி நின்றும் பார்த்தான். நல்லாத்தான் இருந்தது.

அப்போதுதான் கல்லூரிப் பிள்ளைகள் இரும்பு ஸ்டாண்டு ஒன்றை இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரில் இடித்தார்கள். கறுப்பாக ஒரு கீறல். ஒரு பெண் பதறிப்போய் ஈரத் துணியால் துடைக்க, கீறல் தட்டு அகலத்துக்கு அழுக்காகப் பரவியது.

அம்மாள் தலையில் கை வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தவள் கண்ணில் ரோலர் பட்டான்.

“அண்ணா! நல்லவேளை நீங்க இருக்கீங்க. ஒரே நிமிஷம், அந்த இடத்துல மட்டும் லேசா ஒரு டச்.”

நான் இன்னிக்கு வேலைக்கு வரலம்மா என்ற பேச்சு தொண்டை வரை வந்தது. வேலை என்று கேட்டவர்களிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத வாய், அதை அப்படியே முழுங்கிவிட்டது.

“அங்க மட்டும் அடிச்சா தெரியும்மா.”

“யாருக்கு அண்ணா தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்.”

சட்டையைக் கழற்றி ஸ்டோர் ரூம் ஆணியில் மாட்டினான். மிச்ச வாளி அங்கேயே இருந்தது. சுவரிலிருந்த நாலு படங்களையும் இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான், தன்னுடையதைக் கடைசியாக. அரை மணியில் அடித்துவிடலாம், நாலுக்குள் காய்ந்துவிடும், மறுபடி மாட்டிவிடலாம். அவன் போட்ட கணக்கு அது.

முதல் பூச்சில் கறுப்பு மறையவில்லை. அது காய்வதற்கே முக்கால் மணி போனது. இரண்டாவது பூச்சைத் தொடங்கி ஏணியில் ஏறினான். பெரிய மனுஷன் என்றால் ஒரு மணி நேரம் தாமதமாக வருவான் என்பது எல்லாரும் அறிந்தது. சிறப்பு விருந்தினராக வரவேண்டிய பாழாய்ப்போன மனுஷன் இருபது நிமிஷம் முன்னால் வந்து தொலைத்தார்.

கூடம் நிரம்பியது. மற்ற மூன்று படக்காரர்களும் சத்தம் போட்டு, ஸ்டோர் ரூமுக்குள் புகுந்து, ஆளுக்கொரு நாற்காலியில் தங்கள் படத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டார்கள். ரோலர் பாதிச் சுவரில் இருந்தான். இப்போது இறங்கினால் கோடு விழும். இன்னும் பத்து நிமிஷம் என்று கையை வேகமாக்கினான்.

மைக்கில் ஒவ்வொரு பேராக வந்தது. கை தட்டினார்கள். பதினைந்தாவதாக அவன் பேர்.

“இதோ...” என்றான். ஏணி மேலிருந்து அந்தச் சத்தம் யாருக்கும் எட்டவில்லை. ஆனால் அம்மாள் திரும்பிப் பார்த்தாள். கிழிந்த பனியன், தாடையெல்லாம் வெள்ளைத் தெறிப்பு. இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அவள் மைக்குப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அவர் இன்னும் வரலை போலிருக்கு. பரவாயில்லை, அடுத்து நம்ம சிறப்பு விருந்தினர்...”

வாசலில் அவன் பெண்டாட்டி நின்றிருந்தாள், நல்ல புடவை கட்டி. தம்பி பக்கத்தில். அவள் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் ஏணியடியில் நின்றாள்.

“எங்கய்யா என் படம்?”

அவன் ஸ்டோர் ரூமைக் காட்டினான்.

தம்பிக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அம்மாளிடம் போனான். “வரலைன்னு எப்படிம்மா சொல்வ? ஏணி மேல நிக்கிறது யாரு, பூதமா?”

நாலு தலைகள் திரும்பின. அம்மாள் ரோலரிடம் ஓடிவந்து, “அண்ணா, ப்ளீஸ், கொஞ்சம் சொல்லுங்க” என்றாள்.

ரோலர் இறங்கி வந்து மச்சான் தோளைப் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு காதருகில் சொன்னான்: “வாய மூடு மச்சான். அடுத்த மாசம் இந்தம்மா ஆபீஸ் மூணு மாடி பெயிண்டு வேலையும் நமக்குத்தான். கெடுத்துடாத.”

மச்சான் அவனையே பார்த்தான். எதையாவது சொல்லித் திட்டுவான் என்று ரோலர் காத்திருந்தான். பதினைந்து வருஷமாக ஏசியவன் அன்று ஏசவில்லை. தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துவிட்டு வெளியே போனான். அதற்கு அவன் நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஸ்டோர் ரூமில் அவன் பெண்டாட்டி பலகையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இவ்வளவு களைச்சுப்போயா இருக்கேன் நானு?” என்றாள்.

அவன் கையிலிருந்த வெள்ளையைப் பனியனில் துடைத்தான்.

படம் உள்பக்கமாக இருக்கும்படி பலகையை மாரோடு அணைத்துத் தூக்கினாள்.

“நில்லு, நான் தூக்குறேன்.”

“உனக்கு வேலை இருக்குல்ல. முடிச்சிட்டு வா.”

பலகையும் கையுமாகக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். அவளைக் கூடத்து வேலைக்காரி என்று நினைத்து, “பாத்தும்மா, இடிச்சிடாத” என்று சொல்லி ஒருவர் விலகி வழிவிட்டார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

சுவரில் இன்னும் இரண்டு முழம் பாக்கி இருந்தது; நிறுத்திய இடத்தில் கோடு விழுந்திருந்தது. ரோலரை வாளியில் தோய்த்து எடுத்தான். பின்னால் கை தட்டினார்கள். யாருக்கென்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.