எந்தக் கட்டில்

“யாரைக் குத்தணும்னு ஊசிக்கு எப்படிம்மா தெரியும்?”

மஞ்சள் அக்காவின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. அம்மாவின் விரலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். நோயாளியைக் குத்த வேண்டிய ஊசி வழி தவறி அம்மாவிடம் ஏன் வந்தது என்பது அவள் சந்தேகம். அக்கா மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தலை வாரிவிட்டாள். மகள் வளர்ந்தாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். கேள்வி மட்டும் அம்மாவோடேயே தங்கிவிட்டது.

மஞ்சள் அக்கா என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். ரத்தம் நனைந்த பஞ்சு, சீழ் பட்ட கட்டுத்துணி எல்லாம் மஞ்சள் பையில்தான் போக வேண்டும். அந்தப் பைகளை வார்டு வார்டாக எடுத்து, வாயை இறுகக் கட்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, பின்பக்கச் சரிவின் உச்சியில் இருக்கும் கழிவுக் கொட்டகையில் சேர்ப்பது அவள் வேலை. இப்போது அவளுக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். ஊசிகளைப் பையில் போடக் கூடாது. அவற்றுக்கென்று, குத்தினாலும் துளைபடாத கெட்டிப் பெட்டி தனியே உண்டு.

“பஞ்சு பைக்கு, ஊசி பெட்டிக்கு. இதுல குழம்புறவங்க வீட்டுல உப்பையும் சர்க்கரையையும் எப்படிப் பிரிக்கிறீங்க?” என்று வேலைக்குப் புதிதாக வருபவர்களைக் கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். ஆனால் அவள் பார்வை மட்டும் அவர்கள் கையை விட்டு அகலாது.

கொட்டகைக்கு எதிரே சலவைக்கூடம். அங்கே வெள்ளையண்ணன். ஆள் நல்ல கறுப்பு. விரிப்புகளை உதறி உதறி, முடியிலும் மீசையிலும் எந்நேரமும் பஞ்சுத்தூசி ஒட்டியிருப்பதால் வந்த பெயர். இருவரும் காலையில் சேர்ந்து வாசலில் நுழைந்தால் காவலாளி, “முட்டை வந்தாச்சு” என்பான்.

“மஞ்சளும் இருக்கு, வெள்ளையும் இருக்கு. வாசல்ல கிடக்கிற ஓடு நீதான்” என்று அக்கா சொல்லிவிட்டுப் போவாள்.

அக்காவை ஊசி குத்திய காலத்தில் அவள் வேலைக்குப் புதுசு. எந்த வார்டு, யார் போட்டது, ஒன்றும் தெரியவில்லை. விசாரித்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோய் தொற்றாமலிருக்க ஒரு மாதம் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வந்தது. நிறைந்த வண்டியைச் சரிவில் ஏற்றுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வரும். அப்படி ஒரு காலையில் வந்து பார்த்தால், சரிவின் அடியில் நிற்க வேண்டிய வண்டி மேலே கொட்டகை வாசலில் நின்றது. மறுநாளும் நின்றது. மாத்திரை தீரும்வரை அப்படியே. யார் ஏற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வண்டியின் கைப்பிடியில் சலவை சோப்பு வாசம் இருந்தது. அப்போது ஆஸ்பத்திரியில் அந்த வாசம் வீசுகிற கை ஒன்றுதான்.

அக்கா நன்றி சொல்லவில்லை. ஒளித்துச் செய்ததை இழுத்து வெளிச்சத்தில் போடுவது மரியாதையில்லை என்று நினைத்தாள். பிரார்த்தனையில் மட்டும் அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

இத்தனை வருஷம் கழித்து, ஒரு முற்பகலில், சலவைக்குப் போட்ட மேலங்கிகளை வாங்கப் போனவள் வெள்ளையண்ணனைப் பார்த்து நின்றுவிட்டாள். அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணே, விரல் சூப்புற வயசா இது?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி. முள்ளு.”

“விரிப்புல ஏது முள்ளு?”

பிரித்துப்போட்ட அழுக்கு விரிப்புகளின் நடுவே அக்காவின் கண் அதைக் கண்டுபிடித்துவிட்டது. சிரிஞ்சோடு ஒட்டிய ஊசி. உள்ளே ரத்தம்.

“முதல்ல விரலை வாயிலேர்ந்து எடுங்க. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவுங்க. பிதுக்க வேண்டாம். தண்ணி ஓடட்டும்.”

அவர் கழுவுகிற நேரத்தில் அக்கா இடுக்கியால் ஊசியை எடுத்துப் பெட்டியில் போட்டாள். விரிப்பு வந்த மூட்டையின் வார்டுச் சீட்டைப் பார்த்தாள். ஆண்கள் வார்டு.

“வாங்க, டாக்டரைப் பார்ப்போம்.”

“கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு. விடு தங்கச்சி.”

“கொசு கடிச்சா இப்படி வேர்க்காது அண்ணே.”

வெள்ளையண்ணன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

“மருமகளுக்கு நாள் நெருங்கிடுச்சு. கிருமி அது இதுன்னு ஒரு வார்த்தை வீட்டுல விழுந்தா, பிள்ளையை என் கையில குடுப்பாங்களா? உன் அண்ணி உசிரோட இருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கியிருப்போம். இப்ப அவளுக்கும் சேர்த்து நான்தான் தூக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.”

அவருடைய மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்கா திறந்திருந்த குழாயை மூடினாள்.

“அதுக்குத்தான் கூப்பிடுறேன். மருந்து எவ்வளவு சீக்கிரம் உள்ள போகுதோ அவ்வளவு நல்லது. இன்னைக்கு மறைச்சீங்கன்னா, நாளைக்கு அவங்களே பிள்ளையை நீட்டினாலும் உங்க கை நீளாது. பயம் விடாது. எந்திரிங்க.”

கையைப் பிடித்து அழைத்துப்போகவில்லை. முன்னால் நடந்தாள். அவர் பின்னால் வருவார் என்று அவளுக்குத் தெரியும். வந்தார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் பொறுமையான பெண். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கவைத்தாள். குழந்தையைத் தூக்கலாமா என்று அண்ணன் சுற்றி வளைத்துக் கேட்டதைப் புரிந்துகொண்டு, “தாராளமாத் தூக்குங்க. தூக்கினா எதுவும் ஒட்டாது” என்றாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“ஊசியில ஒட்டினதைச் சோதிச்சா நம்ப முடியாது. அது யாரோட ரத்தம்னு தெரியணும். தெரிஞ்சா, மருந்து இதுவே போதுமா, இன்னும் சேர்க்கணுமான்னு சொல்லிடலாம். தெரியலைன்னா இருட்டுலதான் மருந்து குடுக்கணும்.”

ஆண்கள் வார்டின் பெரிய சிஸ்டர் விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துபோனாள். தன் வார்டில் இப்படி நடந்துவிட்டதே என்கிற வலி அது. காலையில் வேலையில் இருந்த நர்சுகளை எல்லாம் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

“ஊசியை விரிப்புல விட்டது யாரு? இப்பவே சொல்லிடுங்க.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி செருமினாள். அவ்வளவுதான்.

“ஒருத்தருமே இல்லையா? ஊசி தானா நடந்து போச்சா?”

அக்காவுக்கு அந்த மௌனம் பழக்கமானது. அன்று தனக்குக் குத்தியபோதும் இப்படித்தான் கேட்டார்கள். இப்படித்தான் தரையைப் பார்த்தார்கள். விசாரணை முடிவதற்குள் அவளுடைய மாத்திரையே தீர்ந்துபோயிற்று.

“சிஸ்டர், ஒரு நிமிஷம் வெளிய வாங்க” என்றாள்.

வராந்தாவில் வைத்து மெதுவாகச் சொன்னாள். “யாருன்னு கேட்டா யார் வாயைத் திறப்பா? வேலை போயிடும்னு பயம். எந்தக் கட்டில்னு மட்டும் கேளுங்க. நமக்கு வேண்டியது அதுதான்.”

“கட்டிலைச் சொன்னா ஆளைச் சொன்ன மாதிரிதானே?”

“சொல்ல வேண்டாம். கட்டில் அட்டையெல்லாம் உங்க மேசைமேலதானே இருக்கு? ஒவ்வொருத்தரா உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு வரட்டும். அந்தக் கட்டிலோட அட்டையை மட்டும் குப்புறக் கவுத்து வச்சுட்டு வந்தா போதும். நாம திரும்பிப் பார்க்க வேண்டாம்.”

“அப்ப தப்புப் பண்ணவங்க தப்பிச்சுடுவாங்களே, அக்கா?”

“தப்பிக்கட்டும் சிஸ்டர். முதல்ல அண்ணன் தப்பிக்கட்டும்.”

பெரிய சிஸ்டர் உள்ளே போய் நர்சுகளிடம் அதையே சொன்னாள். தன் வார்த்தையாகச் சொன்னாள், யாரென்று தேட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துச் சொன்னாள். நர்சுகள் வராந்தாவுக்கு வந்து, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், வந்தார்கள். அக்காவும் பெரிய சிஸ்டரும் ஜன்னல் வழியே வாகனங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே ஒரு கிழவர் தன் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடி மூன்றாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். யாரிடமும் கோபப்படாத மனிதர் போலிருக்கிறது.

கடைசி ஆளும் வந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஓர் அட்டை குப்புறக் கிடந்தது. அதன் ஓரம் வியர்வையில் நனைந்திருந்தது. அக்கா அதைத் துடைத்து நிமிர்த்தினாள்.

ஜன்னலோரக் கட்டில். அதில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் படுத்திருந்தார். ரத்தம் எடுக்கச் சம்மதமா என்று பெரிய சிஸ்டர் கேட்டபோது, “வந்த நாளிலேர்ந்து கேட்காமலேதானே உறிஞ்சுறீங்க? இன்னைக்கு என்ன புது மரியாதை?” என்றார். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சட்டைக் கையை அவரே மடித்துவிட்டார்.

அந்தக் கட்டிலில் என்ன நடந்தது என்பது, நின்று பார்த்தாலே புரிந்தது. ஊசிப் பெட்டி வார்டின் மறுகோடியில், மேசைக்கடியில் இருந்தது. இங்கே ஊசி போட்டுவிட்டு அங்கே போவதற்குள் யாராவது கூப்பிட்டால், கையில் இருப்பதை எங்கேயாவது வைக்கத்தான் தோன்றும். வைத்த விரிப்பை அடுத்த ஆள் சுருட்டிக்கொண்டு போயிருப்பான்.

“என் பொண்ணு சின்னதுல கேட்டா, யாரைக் குத்தணும்னு ஊசிக்கு எப்படித் தெரியும்னு” என்றாள் அக்கா. “அதுக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். போற இடத்தை நாமதான் பக்கத்துலயே காட்டணும்.”

பெரிய சிஸ்டர் அன்றைக்கே தச்சரை வரவழைத்தாள். சாயங்காலத்துக்குள் இரண்டிரண்டு கட்டில்களுக்கு நடுவே, கைக்கெட்டும் உயரத்தில், சுவரில் ஒரு பெட்டி ஏறிவிட்டது. நர்சுகளில் சின்னவள் ஒருத்தி, கேட்காமலேயே ஏணியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். அக்கா அவளை ஊன்றிப் பார்க்கவில்லை. போகும்போது, “சாப்பிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

ரத்தத்தின் முடிவு வந்தது. அது என்ன என்று டாக்டர் அக்காவிடம் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. அது ஜன்னலோரத்து மனிதருக்கும் டாக்டருக்கும் உள்ள விஷயம். வெள்ளையண்ணனிடம் டாக்டர், மாத்திரையை நிறுத்தக் கூடாது, கூடவே இன்னொன்றும் சேர்க்க வேண்டும் என்றாள். “சரியான நேரத்துல தெரிஞ்சுது. பயப்படாதீங்க” என்றாள். அவர் ஒரு வேளையும் விடாமல் சாப்பிட்டார். பின்னால் எடுத்த சோதனைகள் எல்லாம் சுத்தமாகவே வந்தன. அக்காவுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மனிதர்கள் தங்கள் பங்கைச் செய்தால் கடவுள் தன் பங்கை மறப்பதில்லை என்பது அவள் நம்பிக்கை.

மாத்திரை தின்ற அந்த நாட்களில்தான் பேத்தி பிறந்தாள். அண்ணன் மீசையைச் சீவி, தூசி இல்லாமல் போய்த் தூக்கிவிட்டு வந்தார். வாந்தியும் தலைசுற்றலுமாக இருந்த மனிதர் அன்று முழுக்கச் சாப்பிட்டார்.

“ஒண்ணு கவனிச்சியா தங்கச்சி?” என்று ஒருநாள் கேட்டார். “நம்ம சலவைப் பசங்க திருந்திட்டானுங்க. நான் வர்றதுக்குள்ள அழுக்கு வண்டி மேல ஏறி நிக்குது.”

“உங்க முகத்தைப் பார்த்தா எவனுக்கும் திருந்தத்தான் தோணும் அண்ணே.”

மறுநாள் காலை, காவலாளி தேநீர் குடிக்கப் போன நேரமாகப் பார்த்து அக்கா பின்பக்கம் வந்தாள். கழிவுக் கையுறையைக் கழற்றிவிட்டு, கை கழுவி, புதிய கையுறை மாட்டிக்கொண்டாள். அழுக்கு விரிப்புகள் நிறைந்த வண்டியைச் சரிவின் அடியிலிருந்து தள்ளத் தொடங்கினாள். முழங்கால் வலித்தது. பாதியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். மேலே போய்ச் சலவைக்கூட வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.

பிறகு கைப்பிடியை முகர்ந்து பார்த்தாள். எத்தனை கையுறை மாற்றினாலும் தன் கையோடு வந்துவிடும் கிருமிநாசினி நெடி லேசாக அதில் இருந்தது. மேலங்கிப் பையிலிருந்து சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை எடுத்து, கைப்பிடியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடைத்தாள். இப்போது அதில் சலவை சோப்பு வாசம் மட்டும் இருந்தது.

கீழே வாசலில் யாரோ பேசும் குரல் கேட்டது. அக்கா கொட்டகையின் பின்வழியாக இறங்கித் தன் வேலைக்குப் போனாள்.